குளிக்கலாமா, மீன் வாழுமா? தாமிரபரணியில் தண்ணீர் எடுத்துப் பார்த்துக் கற்றவை

தாமிரபரணியில் தண்ணீர் எடுத்துச் சோதித்துப் பார்க்கிறோம் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "தண்ணி நல்லா இருக்கா, இல்லையா?" இப்போதெல்லாம் நான் ஒரு வார்த்தையில் பதில் சொல்வதில்லை. "யாருக்கு?" என்று திருப்பிக் கேட்கிறேன். படித்துறையில் முங்கி எழும் பிள்ளைக்கா, மணலில் புதைந்து கிடக்கும் அயிரைக்கா?

குளிப்பவருக்கு ஆபத்து மலக்கழிவோடு வரும் கிருமி. மீனுக்கு அந்தக் கிருமியால் பெரிய கேடு இல்லை. அதற்கு வேண்டியது மூச்சு விட ஆக்சிஜன், செவுளை அரிக்காத தண்ணீர், முட்டையிடக் கல்லும் மணலும். பாறையில் மோதி நுரைத்து ஓடும் இடத்தில் ஒரு கழிவுநீர்க் குழாய் புதிதாக வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆக்சிஜன் உடனே குறைந்துவிடாது. மீன் விளையாடும், தண்ணீரும் அடி தெரியத் தெளிவாக ஓடும். ஆனால் அங்கே குளிக்கிற பிள்ளைக்கு இரண்டு நாளில் வயிற்றுப்போக்கு வரலாம். நேர்மாறாக, அணைக்கட்டுக்குப் பின்னால் பச்சை பிடித்துத் தேங்கிய தண்ணீரில் கிருமி எண்ணிக்கை வரம்புக்குள் இருக்கும், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஒரே ஆறு, இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் சோதனை வேறு, தண்ணீர் எடுக்கும் நேரம் வேறு, பல சமயம் இடமும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எங்கள் வேலைக்கே ஒரு ஒழுங்கு வந்தது.

நான் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். விலங்கியல் துறை அக்கா ஒருவரும், ஆற்றங்கரை ஊர்களிலிருந்து வரும் மாணவ மாணவிகள் சிலரும் என்னோடு சேர்ந்து சில வருடங்களாக இந்த ஆற்றைப் பின்தொடர்ந்து வருகிறோம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரை சுமார் 128 கிலோமீட்டர். வழியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் குடிநீரும் இதில்தான், கார், பிசானம் என்ற இரு போக நெல் சாகுபடியும் இதில்தான். 2018 அக்டோபரில் மகா புஷ்கரம் நடந்தபோது லட்சக்கணக்கானோர் முங்கி எழுந்ததும் இதில்தான். அதே 2018-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க 351 மாசடைந்த ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டபோது தாமிரபரணியும் அதில் இருந்தது, ஐந்தாவது முன்னுரிமையில். பட்டியலில் இருப்பதிலேயே லேசான நிலை அது. லேசானது என்பதால்தான் இப்போதே கவனிக்க வேண்டும் என்கிறேன். நொய்யல் போல ஆன பிறகு சோதிக்க என்ன இருக்கிறது?

இரண்டு கேள்விகளுக்கும் நம் நாட்டில் எழுதி வைத்த அளவுகோல் உண்டு. வாரியம் ஆற்று நீரை அதன் பயன்பாட்டை வைத்து 'ஏ' முதல் 'ஈ' வரை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது. வெளியிடத்தில் குளிப்பதற்கானது 'பி' வகை: 100 மில்லிலிட்டரில் மொத்தக் கோலிஃபார்ம் (கழிவு கலந்ததற்கு அடையாளமாக எண்ணும் பாக்டீரியா) 500-க்குள், பி.ஹெச். (அமில, காரத் தன்மையின் அளவு) 6.5 முதல் 8.5, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், பி.ஓ.டி. (கழிவை மக்கச் செய்யும் கிருமிகள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 3 மில்லிகிராமுக்குள். மீன் வளத்துக்கும் காட்டுயிர்களுக்கும் ஆனது 'டி' வகை: அதே பி.ஹெச்., ஆக்சிஜன் 4 மில்லிகிராம், தனி அமோனியா 1.2 மில்லிகிராமுக்குள். இதைத் தவிர குளிக்கும் நீருக்கென்று தனியாக ஒரு வரையறை இருக்கிறது. அதில் 100 மில்லிலிட்டரில் மலக் கோலிஃபார்ம் 500-க்குள் இருந்தால் விரும்பத்தக்கது, 2500 வரை அனுமதி.

ஆய்வக அறிக்கையைக் கையில் வாங்குகிற பலர் சறுக்குவது இங்கேதான். மொத்தக் கோலிஃபார்ம் என்று ஒரு கட்டம், மலக் கோலிஃபார்ம் என்று ஒரு கட்டம் இருக்கும். மொத்தக் கோலிஃபார்மில் மண்ணிலும் மக்கிய இலையிலும் வளர்கிறவையும் அடக்கம். நம்மூர் வெப்பத்தில் அவை நன்றாகவே வளரும். மலைக்காட்டில் இருந்து இறங்கும் ஓடையில் கூட அந்த எண் ஆயிரத்தைத் தாண்டினால் நான் பதற மாட்டேன். மலக் கோலிஃபார்ம் ஏறினால், அதிலும் குடலில் வாழும் ஈ. கோலையைத் தனியாகப் பார்த்து அது ஏறினால், மேலே மனிதக் கழிவோ கால்நடைக் கழிவோ கலக்கிறது என்று அர்த்தம். குளிப்பதற்கு இந்த எண்ணைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்காவில் 2012 முதல் குளிக்கும் நன்னீருக்கு ஈ. கோலையைத்தான் வைத்திருக்கிறார்கள், பல மாதிரிகளின் பெருக்குச் சராசரி 100 மில்லிலிட்டரில் 126. ஐரோப்பிய நாடுகளும் ஈ. கோலையையும் குடல் என்டரோகாக்கையையும்தான் எண்ணுகின்றன. எண்ணுகிற கிருமி இனத்தை மாற்றினால் 'நல்ல ஆறு' எது என்பதும் மாறிவிடும்.

பாட்டிலில் பிடிப்பது

தண்ணீர் எடுப்பது சின்ன வேலை என்று நினைப்பார்கள். பாதிப் பிழை அங்கேதான் நடக்கிறது. படிக்கட்டில் குனிந்து கரையோரம் மொள்ளக் கூடாது. கரையோரத்தில் சோப்பு நுரையும், காலால் கிளறிய சேறும், தேங்கிய பூவும் இருக்கும். ஓட்டம் இருக்கிற இடத்தில், தொடை அளவுத் தண்ணீரில், ஓட்டத்தை எதிர்நோக்கி நிற்க வேண்டும். நாம் கிளறிய மண் பின்னால் போய்விடும். கிருமிச் சோதனைக்கான பாட்டில் சூடாக்கிச் சுத்தம் செய்தது. மூடியைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வந்த பிறகே திறந்து, விரல் உள்ளே படாமல் கழுத்தைக் கவிழ்த்துப் பிடித்து, முழங்கை மறையும் ஆழத்துக்குக் கொண்டு போய், வாயை ஓட்டத்தின் பக்கம் திருப்பி நிரப்ப வேண்டும். ஆய்வகத்தில் குலுக்க இடம் வேண்டும் என்பதால் மேலே கொஞ்சம் காலியாக விட்டு மூடுகிறோம். உடனே ஐஸ் பெட்டி. ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம். வெயிலில் வண்டியின் டிக்கியில் கிடந்த பாட்டில் எதையும் சொல்லாது. உள்ளே இருந்தது பெருகியும் இருக்கலாம், செத்தும் இருக்கலாம்.

அறிக்கையில் வரும் எண் 'எம்.பி.என்.' என்று இருக்கும். ஒவ்வொரு கிருமியையும் எண்ணி வந்த கணக்கு இல்லை அது. தண்ணீரைப் பல அளவில் குழாய்களில் ஊற்றி, எத்தனை குழாயில் வாயு கிளம்பியது என்று பார்த்து, அட்டவணையில் தேடி எழுதுகிற நிகழ்தகவு. ஐந்து குழாய் முறையில் 300 என்று வந்தால் உண்மை 100 ஆகவும் இருக்கலாம், 900 ஆகவும் இருக்கலாம். ஆகவே "போன மாசம் 400, இந்த மாசம் 600, ஆறு கெட்டுப்போச்சு" என்று சொல்ல முடியாது. பத்து மடங்கு ஏறினால் அது செய்தி. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எடுத்து, மோசமான நாட்கள் எவை என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பஞ்சாயத்துகளில் குடிநீரைப் பார்க்க ஒரு சின்னக் குப்பி கொடுக்கிறார்கள், தண்ணீர் ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால் கெட்ட தண்ணீரில் கறுக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைட் குப்பி. 1982-இல் நம் நாட்டு ஆய்வாளர்கள் உருவாக்கிய எளிய முறை அது. குழாயடிக்கும் கிணற்றுக்கும் அருமையான கருவி. ஆனால் ஆற்றுக்கு அதைக் கொண்டு வந்து, கறுத்துவிட்டது என்று படம் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். ஓடுகிற எந்த ஆற்றில் எடுத்தாலும் அநேகமாக அது கறுக்கத்தான் செய்யும். இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லுமே தவிர, எவ்வளவு என்று சொல்லாது. குளிக்கலாமா என்பதோ எவ்வளவு என்கிற கேள்வி.

எப்போது எடுப்பது? குளிப்பதற்கு மோசமான நேரம் மழைக்குப் பிந்தைய ஒன்றிரண்டு நாட்கள், அதிலும் நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் பெருமழை. ஓடையில், வாய்க்காலில், தெருவில் மாதக்கணக்காகக் கிடந்ததெல்லாம் ஒரே ராத்திரியில் ஆற்றுக்கு வந்துவிடும். எலிக்காய்ச்சல் பயமும் அப்போதுதான். காலில் புண்ணோடு கலங்கல் தண்ணீரில் இறங்குவதை நான் கண்டால் சும்மா விடுவதில்லை. வசதியான நாளில், வானம் தெளிந்த காலையில் மட்டும் தண்ணீர் எடுத்தால் வருடம் முழுக்க ஆறு நல்லதாகவே அறிக்கையில் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஆய்வக அறிக்கையில் வராதது. ஆற்றில் குளிக்கப் போய் உயிர் போவது பெரும்பாலும் கிருமியால் இல்லை. மணல் அள்ளிய இடத்தில் கசம், அதாவது ஆழக்குழி, விழுந்து கிடக்கும், மேலே பார்த்தால் முழங்கால் ஆழம் போலத் தெரியும். அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் ஓட்டம் சட்டென்று ஏறும். உடைந்த பாட்டில், துருப்பிடித்த கம்பி. குளிக்க ஏற்ற இடமா என்று மதிப்பிடும் தாளில் இவற்றுக்கும் ஒரு பத்தி வைத்திருக்கிறோம். நீளமான கம்பை ஊன்றிப் பார்த்து ஆழத்தைக் குறிப்பதை ஊர்ப் பையன்களே செய்கிறார்கள்.

விடியுமுன் மீனுக்காக

மீனுக்கான கேள்வியில் முதல் எண் கரைந்த ஆக்சிஜன். இதற்கு நேரம் ரொம்ப முக்கியம். பகலில் பாசியும் நீர்ச்செடியும் வெயிலில் ஆக்சிஜனை வெளியே விடும். ராத்திரி முழுக்க அவையும் சேர்ந்து மூச்சு விட்டு, இருப்பதைக் குறைத்துக்கொண்டே போகும். ஆகவே குறைந்தபட்ச அளவு விடியும் சமயத்தில் இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் காற்றிலிருந்து பிடித்து வைத்துக்கொள்ளக் கூடியது லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான். மாலை மூன்று மணிக்கு மீட்டர் 9 காட்டினால் சந்தோஷப்படக் கூடாது, அது பாசி பெருத்திருப்பதன் அடையாளம். நகரத்துக்குக் கீழே ஒரு சாக்கடை கலந்து, கொஞ்ச தூரம் போய்த் தேங்குகிற இடத்தில் மதியம் 9-ஐத் தாண்டிய தண்ணீர், மறுநாள் விடிகாலையில் 3-க்குக் கீழே நின்றதைப் பார்த்தோம். மதிய எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் அது குளிப்பதற்குக் கூடத் தேறிய தண்ணீர். விடிகாலை எண்ணில் மீனுக்கே ஆகாது.

மீட்டர் இருந்தாலும், மருந்து விட்டு ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறையை மாணவர்களுக்குக் கரையிலேயே செய்து காட்டுவேன். 300 மில்லி கண்ணாடிப் பாட்டிலை ஒரு குமிழி கூட இல்லாமல் நிரப்ப வேண்டும். அதில் மாங்கனீஸ் சல்ஃபேட் 2 மில்லி, பிறகு காரத்தில் கரைத்த அயோடைடு அசைடு 2 மில்லி, இரண்டையும் பிப்பெட் நுனி தண்ணீருக்குள் இருக்கும்படி விட வேண்டும். மூடித் தலைகீழாகத் திருப்பித் திருப்பி ஆட்டினால் உள்ளே பஞ்சு பஞ்சாக ஒரு வீழ்படிவு இறங்கும். ஆக்சிஜன் இருந்தால் அது பழுப்பு, நிறைய இருந்தால் அடர் பழுப்பு. ஆக்சிஜனே இல்லையென்றால் வெள்ளை. பாபநாசத்துப் பாட்டிலையும் சாக்கடைக்குக் கீழே பிடித்த பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எண் எதுவும் சொல்லாமலே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது. அப்புறம் கந்தக அமிலம், ஸ்டார்ச், தயோசல்ஃபேட். நீலம் மறையும் சொட்டில் நிறுத்த வேண்டும். 0.025 நார்மல் தயோசல்ஃபேட் வைத்து 200 மில்லி மாதிரிக்குச் செய்தால் இறங்கிய மில்லி எவ்வளவோ அவ்வளவுதான் மில்லிகிராம், கணக்கே வேண்டாம்.

பி.ஓ.டி. பற்றி ஒரு வரி: வெளிநாட்டு நூல்களில் 5 நாள், 20 டிகிரி என்று இருக்கும். நம் தரநிலையில் 3 நாள், 27 டிகிரி. அறிக்கையில் எது என்று எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் இரண்டு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிட முடியாது.

அமோனியாவைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. 'டி' வகையில் தனி அமோனியா 1.2 மில்லிகிராம் வரை போகலாம் என்கிறார்கள். கிட் வாங்கிப் பார்த்தால் வண்ண அட்டையில் வருவது மொத்த அமோனியா. அதில் மீனைக் கொல்கிற தனி அமோனியா எவ்வளவு என்பது பி.ஹெச்.-ஐயும் வெப்பத்தையும் பொறுத்தது. 25 டிகிரியில் பி.ஹெச். 7 என்றால் அரை சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், 8 என்றால் சுமார் 5 சதவீதம், 9 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பி.ஹெச். 7-இல் தனி அமோனியா 1.2 ஆக வேண்டுமென்றால் மொத்த அமோனியா 200 மில்லிகிராமைத் தாண்ட வேண்டும். வீட்டுச் சாக்கடையிலேயே சாதாரணமாக அவ்வளவு இருப்பதில்லை. அதாவது, பி.ஹெச். 7-இல் நிற்கும் சுத்திகரிக்காத சாக்கடை கூட இந்த ஒரு வரம்பில் தேறிவிடும்! அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2013-இல் வெளியிட்ட நீண்டகால வரம்பு பி.ஹெச். 7, 20 டிகிரியில் மொத்த அமோனியாவுக்கே 1.9 மில்லிகிராம்தான். நன்னீர் மட்டிகள் அதற்கு மேல் தாங்குவதில்லை என்பதால் அந்த அளவு. நம் ஆற்றிலும் மட்டி உண்டு. ஆகவே நாங்கள் 'டி' வகையில் தேறியது என்று எழுதுவதோடு நிறுத்துவதில்லை. மொத்த அமோனியா, பி.ஹெச்., வெப்பம், நேரம் நான்கையும் சேர்த்தே குறிக்கிறோம். பாசி மண்டிய இடத்தில் மாலையில் பி.ஹெச். ஏறும், அதே அமோனியா அப்போது விஷமாகும். ஆக்சிஜனுக்கு விடியல், அமோனியாவுக்கு மாலை. மீனுக்கு ஒரே நாளில் இரண்டு கண்டம்.

"மீன் துள்ளுது, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. எந்த மீன் என்று பார்க்க வேண்டும். முறப்பநாடு பக்கம் வலை போடும் பெரியவர் ஒருவரிடம் அக்கா கேட்டார், "அண்ணாச்சி, முன்ன கிடைச்ச மீனெல்லாம் இப்பவும் விழுதா?"

"எங்க டீச்சர்? எல்லாம் ஜிலேபிதான். அயிரை விழுந்து எம்புட்டு நாளாச்சு. மணலு இருந்தாத்தான அயிரை இருக்கும்? மணலத்தான் வழிச்சிட்டுப் போயிட்டானுவளே."

ஜிலேபி மீனும் (திலாப்பியா) ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மட்டமான தண்ணீரிலும் பிழைக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். அவை துள்ளுவதை வைத்து ஆற்றுக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது. இந்த ஆற்றின் பெயரையே தாங்கி, 1954-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான தாமிரபரணிக் கெண்டை ஒன்று உண்டு, முதுகுத் துடுப்பில் நூல் நூலாக நீட்டிக்கொண்டு அழகாக இருக்கும். அது எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்ப்பதுதான் உண்மையான அறிக்கை. பெரியவர் சொன்ன மணல் விஷயம் எந்த வேதியியல் சோதனையிலும் வராது என்பதையும் அன்றைக்கே குறித்துக்கொண்டேன்.

பூச்சிகளின் சாட்சி

பாட்டில் தண்ணீர் அந்த ஒரு நிமிடத்தைச் சொல்லும். கல்லுக்கு அடியில் வாழும் பூச்சிப் புழுக்கள் அதே இடத்தில் வாரக்கணக்காக, மாதக்கணக்காகக் கிடந்தவை. இடையில் ஒரு ராத்திரி கழிவு வந்து போயிருந்தாலும் அவற்றின் வருகைப் பதிவேட்டில் அது தெரியும். வேதியியல்காரியான எனக்கு இதை நம்ப வைத்தது அக்காதான்.

வேண்டியது இரண்டு கம்பில் கட்டிய கொசுவலைத் துணி, ஒரு வெள்ளைத் தட்டு, பெயின்ட் பிரஷ், லென்ஸ். முழங்கால் ஆழத்தில் கல் கிடந்து சலசலவென்று ஓடும் இடத்தில் வலையை ஓட்டத்துக்குக் குறுக்கே ஊன்றிப் பிடித்து, தண்ணீர் வரும் பக்கம் நின்று மூன்று நிமிடம் காலால் கல்லைக் கிளற வேண்டும். கையாலும் கல்லை எடுத்து அடியைத் தேய்த்துவிடலாம். வந்ததைத் தட்டில் கொட்டி அசையாமல் பார்த்தால் ஒவ்வொன்றாக நகரத் தொடங்கும்.

பாபநாசம் கோயிலுக்குக் கொஞ்சம் கீழே, துணி கிடக்காத ஓர் இடத்தில் (மேலே போனால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது) ஒரு மாணவி கல்லைப் புரட்டியபோது அப்பம் மாதிரித் தட்டையாக ஒட்டிக்கொண்டு ஒரு புழு நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடியது. மூன்று வால், வயிற்றின் இரு பக்கமும் இலை இலையாகச் செவுள். மே ஈயின் இளம்பருவம், தட்டைத் தலைக் குடும்பம். ஓடும் தண்ணீரும் நிறைந்த ஆக்சிஜனும் இல்லாமல் அதனால் முடியாது. அடுத்த கல்லில் இரண்டு வாலோடு கல் ஈ. பக்கத்திலேயே மணல் துகள்களைப் பட்டுநூலில் கோத்துக் கூடு கட்டி உள்ளே உட்கார்ந்திருந்த புழு, அது காடிஸ் ஈ. இந்த மூன்றும் சேர்ந்து கிடைத்தால் மீனுக்கு நல்ல இடம் என்று துணிந்து எழுதலாம். உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு மதிப்பெண் முறையில் தட்டைத் தலை மே ஈக்கு 10, செம்புழுக் குடும்பத்துக்கு 2, மண்புழு இனத்து நீர்ப்புழுவுக்கு 1. நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதையொட்டி உயிரியல் தரநிலை ஒன்று வைத்திருக்கிறது.

அங்கிருந்து சில நூறு அடி தள்ளி, பரிகாரம் செய்தவர்கள் விட்டுப் போன துணிகள் கிடந்த இடத்தில் கிளறினோம். ஒரு சேலையைப் பையன்கள் மூன்று பேர் பிடித்து இழுத்தார்கள், வர மறுத்தது. கல்லைச் சுற்றி, மணலில் புதைந்து, அதன் மேல் இன்னொரு வேட்டி. இழுத்த இடத்தில் கறுப்புச் சேறும் அழுகிய முட்டை நாற்றமும். மே ஈ ஒன்று கூட இல்லை. தட்டில் நெளிந்ததெல்லாம் செம்புழு, மீன்தொட்டிக் கடையில் தீனியாக விற்பார்களே, அதே இனம். உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் சிவப்பு, ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். மேலே ஓடிய தண்ணீரை எடுத்துச் சோதித்தபோது ஆக்சிஜன் நன்றாகவே இருந்தது. தண்ணீர் பாஸ், ஆற்றின் தரை ஃபெயில். குளிப்பவர் காலில் சிக்கும் அதே துணிதான் மீன் தின்னும் பூச்சியின் வீட்டையும் மூடுகிறது. இரண்டு கேள்விகளும் ஒரே பதிலில் வந்து முட்டிய இடம் இது. பாவத்தைத் தொலைக்கத் துணியை ஆற்றில் போட வேண்டும் என்று எந்தச் சாமியும் கேட்டிருக்காது என்று அங்கே நின்ற ஆச்சி ஒருவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. துணியைக் கரையிலேயே வாங்கி வைக்க ஆள் இருந்தால் கொடுத்துவிடுவோம் என்றார். எல்லா இடத்திலும் அப்படி ஓர் ஆள் இருக்க வேண்டும்.

பார்த்து முடித்ததும் பூச்சிகளை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுகிறோம். வெயிலில் தட்டு சூடாவதற்குள் விட வேண்டும், இதில் அக்கா ரொம்பக் கண்டிப்பு.

எவ்வளவு கலக்கிறது என்ற கணக்கு

சாக்கடை கலக்கிறது என்று சொன்னால் அதிகாரிகள் அடுத்துக் கேட்பது "எவ்வளவு?" அதற்கு ஓர் எலுமிச்சம்பழம் போதும். ஓடையில் பத்து மீட்டர் தூரம் அளந்து, பழத்தைப் போட்டு, கடக்கும் நேரத்தை எடுங்கள். மேல்மட்ட வேகத்தை 0.85-ஆல் பெருக்கினால் சராசரி வேகம். அரை மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் ஆழம், சராசரி வேகம் விநாடிக்கு 0.3 மீட்டர் என்றால் விநாடிக்கு 30 லிட்டர். நாள் முழுக்க அப்படியே ஓடினால் ஏறக்குறைய 26 லட்சம் லிட்டர். தாண்டிக் குதிக்கலாம் போன்ற ஒரு சின்ன ஓடை அது! அணையில் நீர் திறந்திருக்கும் மாதங்களில் ஆறு இதைக் கரைத்துக்கொண்டு போய்விடும். கோடையில் ஆறு ஒரு வாய்க்கால் அளவு சுருங்கும்போதும் ஓடையில் வருவது குறையாது. எங்கள் ஏட்டில் ஆறு மோசமாகத் தெரிந்த நாட்களில் பல, தண்ணீர் குறைந்த நாட்கள்தான். அணை நீர்மட்டத்தையும் திறப்பையும் தினமும் நாளிதழில் போடுகிறார்கள். அதை வெட்டி ஏட்டில் ஒட்டி வைப்பதால் எண்களின் காரணம் புரிகிறது.

ஓர் ஓடையைப் பற்றி இப்படி எழுதி எடுத்துக்கொண்டு போனபோது, ஒரே ஒரு நாள் அறிக்கையை வைத்து எதுவும் செய்ய முடியாது என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டது நியாயம். அதன் பிறகு ஓடைக்கு மேலே ஓரிடம், ஓடை வாயில், நன்றாகக் கலந்த பிறகு கீழே ஓரிடம் என்று மூன்று இடத்திலும் ஒரே நாளில் எடுக்கிறோம். மழை, வெயில், திருவிழா என்று பருவம் மாற்றி எடுக்கிறோம். நேரம், இடத்தின் படம், எடுத்தவர் பெயர், பாட்டில் எண், ஆய்வகம் வாங்கிக்கொண்ட நேரம் எல்லாம் ஒரே தாளில். ஆய்வகம், சோதனைக்கூடங்களுக்குச் சான்று தரும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்றது. மேலே நல்லது, ஓடையில் கெட்டது, கீழே கெட்டது என்று திரும்பத் திரும்ப வந்த தாளை யாராலும் தள்ளிவிட முடியவில்லை. அந்த ஓடையைக் கழிவுநீர்க் குழாயோடு இணைக்க அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். வேலை தொடங்கும் வரை மாதாமாதம் தாள் போய்க்கொண்டே இருக்கும்.

படித்துறைக்கு அருகே டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி கடை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறார். பெருமழை பெய்தால் "ரெண்டு நாள் பிள்ளைகளைக் குளிக்க விடாதீங்க" என்று அவரே எழுதிவிடுகிறார். ஆய்வக முடிவு வர நாளாகும், மழையைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். எங்கள் ஏட்டில் இருந்து மக்களுக்கு உடனே பயன்பட்டது இந்த ஒரு வரிதான்.

உங்கள் ஊர் ஆற்றில் தொடங்க நினைத்தால் முதலில் மீட்டர் வாங்காதீர்கள். வலையும் வெள்ளைத் தட்டும் செய்யுங்கள், ஆற்றின் எந்தப் பகுதி நோயில் கிடக்கிறது என்பதை அதுவே காட்டிவிடும். அப்புறம் வெப்பமானி, பி.ஹெச்., அமோனியா கிட், விங்க்ளர் மருந்துகள். கிருமிச் சோதனைக்கு மட்டும் பணம் சேர்த்து ஆய்வகத்துக்குக் கொடுங்கள், அதை வீட்டில் செய்யப் பார்க்க வேண்டாம். ஆற்றில் இறங்கும்போது தனியாக இறங்காதீர்கள், கயிறு இருக்கட்டும்.

அடுத்து நாங்கள் பார்க்க நினைப்பது சீவலப்பேரி. சிற்றாறு வந்து கலக்கும் இடத்துக்கு மேலும் கீழும் ஐப்பசியின் முதல் பெருமழைக்குப் பிறகு எடுக்கப் போகிறோம். சிற்றாற்றில் குற்றாலத்திலிருந்து தென்காசி வழியாக என்ன வருகிறது என்பதை அங்கே நின்று மட்டும் சொல்ல முடியாது. அந்தக் கரை ஊர்க்காரர்கள் சேர்ந்தால் எல்லா இடத்திலும் ஒரே விடியலில் பாட்டில் பிடித்துவிடலாம். பாட்டிலும் மருந்தும் நாங்கள் தருகிறோம், பிடிக்கிற விதத்தை அரை நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.